ரிக்பி துரையின் இடப்பக்கம்

1923 ஜூலை 8, ஞாயிறு

இன்று என் இடம் போயிற்று. ஆறு வருஷமாக எங்கள் கூலி லைன் புட்பால் டீமுக்கு நான்தான் கோல்கீப்பர். சாயங்காலம் மைதானத்துக்குப் போனால் கம்பங்களுக்கு நடுவில் ரிக்பி துரை நிற்கிறார். தலையில் துணித்தொப்பி, உடம்பில் இந்த வெயிலுக்குக் கம்பளிச் சட்டை. லாசர் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, “பொன்னுரங்கம், இன்னிலேர்ந்து நீ லெப்ட் பேக்கு” என்றார். சரி என்றேன்.

லாசர் அண்ணன் எங்கள் கேப்டன். கொல்லுப்பட்டறையில் பாறை துளைக்கிற கம்பிகளைத் தீட்டுகிறவர். நான் ஒன்றும் கேட்காமலே அவர் காரணம் சொன்னார். “சீமையில லீக்கு ஆடின ஆளு. நம்ம டீமுக்கு நிக்கிறேன்னு அவரா வந்து கேக்குறாரு. வேணாம்னு எப்பிட்றா சொல்றது?”

ரிக்பி துரை தங்கவயலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. சுரங்கத்துக்குள் எங்கள் ஷிப்டுக்கு அவர்தான் போர்மேன். வெள்ளைக்காரர்களின் ஜிம்கானா டீமுக்கு கோல் நின்றுகொண்டிருந்தார். ஏப்ரலிலிருந்து அவர்கள் அவரைக் கூப்பிடுவதில்லை. ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். மார்ச்சில் எங்கள் லெவலில் பாறை சரிந்து கோபாலும் சவரிமுத்துவும் செத்தார்கள். பாறையைத் தாங்க முட்டுமரம் நிறுத்துகிற கும்பல் ஒழுங்காக மரம் வைக்கவில்லை, இடது சுவரில் விட்டுவிட்டார்கள் என்று விசாரணையில் பேச்சு வந்தது. அந்தக் கும்பலில் நான் ஒருவன். அந்தச் சுவர் மரங்களை வைத்தவனும் நான்தான். ரிக்பி துரை எழுந்து, மரமெல்லாம் சரியாக இருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். மூன்றடிக்கு ஒன்று வைத்த மரத்தை நாலடிக்கு ஒன்றாக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்ததையும் சொன்னார். எங்களில் யாருக்கும் வேலை போகவில்லை. அதற்கப்புறம் துரைமார் வீடுகளில் அவரை டீ குடிக்கக்கூடக் கூப்பிடுவதில்லை என்று அவருடைய பட்லர் சொல்கிறான்.

ஆகவே நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கோலுக்கு முன்னால் இடப்பக்கத்தைக் காக்கிற லெப்ட் பேக்காக நின்றேன். வீட்டுக்கு வந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டேன்.

ஜூலை 9, திங்கள்

மழை இல்லை. தங்கம் எடுத்த கழிவு மண் கொட்டின சயனைட் மேட்டிலிருந்து நாள் முழுக்கத் தூசி. என் சம்சாரம் தனக்கோட்டி துவைத்த துணியை மறுபடி துவைத்தாள்.

ஜூலை 11, புதன்

குழாயடியில் பேச்சு பரவிவிட்டது. ராத்திரிச் சோறு போடும்போது தனக்கோட்டி கேட்டாள்.

“இன்னாயா, உன் எடத்துல அந்தத் தொரைய நிக்க வெச்சிட்டாங்களாமே.”

“ஆமாம்.”

“நீ ஒண்ணும் கேக்கலயா?”

“என்ன கேக்கறது?”

“அவரு அன்னிக்கு வாயத் தொறக்கலன்னா நாம இந்நேரம் எங்க இருப்போமோ. அத்த நெனச்சிக்கினு கம்னு இருக்கியா, இல்ல நெஜமாவே உனக்கு ஒண்ணும் தோணலயா?”

குழம்பில் உப்பு குறைவு என்றேன். குறைவில்லை.

ஜூலை 22, ஞாயிறு

கோப்பைக்கு முதல் மாட்ச். எதிரில் மில் டீம், பாறையை இடித்துப் பொடியாக்கும் ஆலையில் வேலை செய்கிறவர்கள், ஒவ்வொருவனும் தூண் மாதிரி. இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

நான் கோல் நிற்கும்போது நிறையத் தாவுவேன். ஜனங்களுக்கு அது பிடிக்கும். ரிக்பி துரை தாவவில்லை. பந்து எங்கே வருமோ அங்கே முன்பே போய் நிற்கிறார், பந்து அவரைத் தேடி வந்த மாதிரி இருக்கிறது. பிடித்ததும் ஒரு விநாடி மார்போடு வைத்துக்கொண்டு, யாருக்குப் போடலாம் என்று பார்க்கிறார். கூட்டம் முதலில் பேசாமல் இருந்தது. பாதிக்கு மேல் அவர் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் பெண்கள்கூடக் கை தட்டினார்கள்.

நான் நின்றிருந்தால் மூன்று உள்ளே போயிருக்கும். இதை லாசர் அண்ணனிடம் சொல்லவில்லை.

ஜூலை 29, ஞாயிறு

பயிற்சி முடிந்து எல்லோரும் மேட்டில் உட்கார்ந்திருந்தபோது கதிர்வேல், எங்கள் சென்டர் பார்வர்டு, துரையிடம் சீமையில் ஆடின கதையைக் கேட்டான். அவர் இங்கிலீஷும் கொச்சைத் தமிழுமாகச் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

அவர் ஊர் லங்காஷயரில் ஒரு ஆலை ஊர். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர், இவரும் பையனாக அங்கேதான் இறங்கினார். சனிக்கிழமைகளில் சர்ச் டீமுக்கு கோல் நின்றார். லீக் கிளப்காரன் ஒருவன் வந்து பார்த்து, சுரங்கத்து வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். கரியோடு கையெழுத்துப் போட்டாராம். ஒன்பது வருஷம் ஆடினார். தங்கவயல் ஜனம் மொத்தமும் வந்து நின்றாலும் நிரம்பாத மைதானங்கள். ஒரு தடவை இங்கிலாந்து டீமோடு ஸ்காட்லாந்துக்குக் கூட்டிப்போனார்கள். ஆடவிடவில்லை. ஆடுகிறவர்களின் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலத்தில் கோல்கீப்பர் மைதானத்தின் நடுக்கோடு வரை பந்தைக் கையால் தொடலாமாம். இவர் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடி, நடுக்கோட்டுக்கு வந்து, எதிர் டீம்காரன் மூஞ்சிக்கு நேராக உதைப்பார். கூட்டம் சிரிக்கும். 1912இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். கோலுக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் மட்டும்தான் கை. “அந்த வருஷம் என்னில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள்” என்றார்.

“அப்பறம் ஏன் தொரை விட்டுட்டீங்க?” என்று கதிர்வேல் கேட்டான்.

“சண்டை வந்தது. வார். எல்லாம் போச்சு” என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆகஸ்ட் 1, புதன்

கூரைத் தட்டியில் ஒழுக்கு. பழைய சாக்கை வைத்து அடைத்தேன்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

பயிற்சி முடிந்ததும் லாசர் அண்ணன் வீட்டிலிருந்து டீ வந்தது. துரைக்கு ஒரு டம்ளரைக் கொண்டுபோய், அவர் உட்கார்ந்திருந்த கல்லின் மேல் இடது பக்கமாக வைத்தேன். வைத்ததைச் சொன்னேன். அவர் திரும்பும்போது கை பட்டு விழுந்துவிட்டது. “ஸாரி, பொன்” என்றார். இன்னொரு டம்ளர் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தேன். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். அதுவும் விழுந்தது.

அவர் டம்ளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் மூன்றாவது டம்ளரை வலது பக்கம் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் பந்து வரும்போதெல்லாம் தலையைக் கொஞ்சம் இடதுபுறம் திருப்பி நிற்பதை முன்பே கவனித்திருந்தேன். சீமைப் பாணி என்று நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 6, திங்கள்

துரைக்கு இடது பக்கம் தெரியாததை லாசர் அண்ணனிடம் சொன்னால் நாளைக்கே எனக்கு என் இடம் கிடைக்கும். பட்டறைப் பக்கம் போனேன். அவர் உலைக்கு முன்னால் வேலையாக இருந்தார். ஆட்டுக்கு முளைக்குச்சி அடிக்க ஒரு இரும்புத்துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

அரையிறுதி மாட்ச். 2–1 என்று ஜெயித்தோம். அந்த ஒரு கோல் என் பக்கத்திலிருந்து போனது. நான் ஒருவனைத் தடுக்கப் போயிருந்தபோது இன்னொருவன் இடது மூலையிலிருந்து சும்மா தட்டிவிட்டான். குழந்தை உருட்டின மாதிரி வந்த பந்து. ரிக்பி துரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்து அவர் காலுக்குப் பக்கத்தில் போய் வலையில் விழுந்தது.

துரை என்னைப் பார்த்து, “ஏன் விட்டே? நீ எங்கே பார்க்கறே?” என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். லாசர் அண்ணன் என்னைப் பார்த்தார். கால் வழுக்கிவிட்டது என்றேன். தரை காய்ந்து கிடந்தது.

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரு பந்தைக் கோட்டின் மேலேயே தலையால் தட்டி வெளியே தள்ளினேன். நெற்றியில் பந்துத் தையலின் அச்சு பதிந்திருக்கிறது.

வீட்டில் தனக்கோட்டி, “உன்னாலதான் கோலு போச்சாமே” என்றாள்.

“ஆமாம்.”

“பொய் சொல்றப்ப நீ சொவத்தப் பாத்துக்கினு பேசுவ. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேன்.”

விளக்கெண்ணெய் காய்ச்சி நெற்றியில் தடவினாள்.

ஆகஸ்ட் 23, வியாழன்

சுரங்கத்துக்குள் ரிக்பி துரை நடக்கும்போது இடது கை சுவரைத் தொட்டுக்கொண்டே வருகிறது. இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. இன்று வண்டித் தண்டவாளம் திரும்பும் இடத்தில் இடதுபுறமிருந்து தள்ளுவண்டி வந்தது. அவர் அப்படியே போய்க்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். போர்மேன் சட்டையை ஒரு கூலி பிடித்து இழுத்ததை வண்டி தள்ளின இரண்டு பேரும் பார்த்தார்கள்.

அதிலிருந்து ஷிப்ட் முடியும்வரை அவருக்கு இடதுபக்கமாக நடந்தேன். என் விளக்கு நன்றாக எரிகிற விளக்கு. அந்தப் பக்கம் வெளிச்சம் போதவில்லை. அதற்காகத்தான்.

ஆகஸ்ட் 30, வியாழன்

இந்த வாரமும் அப்படியே.

செப்டம்பர் 2, ஞாயிறு

கோப்பையின் கடைசி மாட்ச் பதினாறாம் தேதி என்று நோட்டீஸ் போட்டார்கள். ஜிம்கானாவோடுதான். அவர்கள் இதுவரை லைன் டீம் எதனிடமும் தோற்றதில்லை. லாசர் அண்ணன் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். கதிர்வேல் மாரியம்மனுக்கு. நான் எங்கள் பௌத்த சங்கத்து விகாரையில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன். பகவானிடம் பந்து விஷயமெல்லாம் கேட்க முடியாது.

செப்டம்பர் 10, திங்கள்

மரக்கிடங்கில் தனியாக ஆப்பு அறுத்துக்கொண்டிருந்தேன். ரிக்பி துரை வந்தார். வந்து மரத்தின் மேல் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

சுரங்க மேனேஜரான பெரிய துரை காலையில் இவரை ஆபீசுக்கு அழைத்திருக்கிறார். இவருடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. பதினாறாம் தேதி இவருக்குக் கால் சுளுக்கிக்கொண்டால் இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதித் தருவதாகச் சொன்னாராம். வெள்ளைக்காரன் ஒருவன் கூலிகள் பக்கம் நின்று வெள்ளைக்காரர்களோடு ஆடுவதை மேம்சாகிப்புகள் நாற்காலி போட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேட்டாராம்.

“நீங்க இன்னா சொன்னீங்க தொரை?”

“கால் நல்லா இருக்கு சொன்னேன்.”

என் ரம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “உனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியும்.”

“எப்போ?”

“டீ டம்ளர் விழுந்தப்ப.”

தலையாட்டினார். அப்புறம் பாதி இங்கிலீஷில் சொன்னார். லீக் ஆட்டத்தை விட்டதற்குச் சண்டையெல்லாம் காரணமில்லை. 1913இல் ஒரு மழை நாளில் தரையில் கிடந்த பந்தின் மேல் விழுந்தபோது எதிராளியின் பூட்ஸ் இடது கண்ணில் பட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்ல அணைந்தது. தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஒப்பேற்றினார். குழந்தை தடுக்கக்கூடிய ஒரு பந்தை விட்டபோது கிளப்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்புறம் பட்டாள டாக்டரையும் இந்த வேலைக்குச் சேர்த்த டாக்டரையும் அவர் ஏமாற்றினார். இடது கண்ணை முதலில் இடது கையாலும் பிறகு வலது கையாலும் பொத்திக்கொண்டு, இரண்டு தடவையும் நல்ல கண்ணாலேயே எழுத்தைப் படித்தாராம். சொல்லும்போது பொத்திக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகுதான் அதைச் சொன்னார். “விசாரணை அன்னிக்கு நான் பொய் சொன்னேன்.”

கையிலிருந்த ஆப்பைக் கீழே வைத்தேன்.

இடது சுவரில் மரம் இல்லாததைப் பார்த்தேன் என்று சொல்லும்படி கம்பெனியில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சுவரை அவரால் பார்க்க முடியாது. பார்க்கவில்லை என்று சொன்னால், அந்த ஷிப்டில் அந்த வழியாக நடந்த போர்மேன் எப்படிப் பார்க்காமல் போனான் என்று கேட்பார்கள். டாக்டரிடம் அனுப்புவார்கள். ஆகவே மரம் இருந்ததைப் பார்த்தேன் என்றோ இல்லாததைப் பார்த்தேன் என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலடி உத்தரவு அவர் கைக்கே வந்தது, அது சத்தியம். மரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. “பார்த்தேன்” என்று சொல்லிவிட்டார்.

அவர் முகத்தை எனக்கு நேராகத் திருப்பினார். “பொன். அந்த மரம் சரியா இருந்துச்சா?”

ஆறு மாசமாக இதைக் கேட்காமல் இருந்திருக்கிறார்.

“இருந்துச்சு தொரை. ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறினேன்.”

“குட்” என்றார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் விரல்களை அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். எல்லாம் எப்போதோ உடைந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் போன பிறகு மீதி ஆப்புகளையும் அறுத்தேன். விசாரணை நடந்த அன்று நான் ஆபீஸ் வராந்தாவில்தான் நின்றிருந்தேன். உள்ளே கூப்பிட்டு யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியாது. கேட்கட்டும் என்று காத்திருந்தேன் என்பது உண்மை.

செப்டம்பர் 15, சனி

லாசர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். நாளைக்கு ரிக்பி துரை ஆடினால் அவருக்கு வேலை போய்விடும், அவரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நான் கோல் நிற்கிறேன் என்றேன்.

அண்ணன் சுருட்டைக் கீழே வைத்தார். “அவருக்காகக் கேக்குறியா, உனக்காகக் கேக்குறியா?”

நான் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

“அவரு கண்ணு சமாசாரம் எனக்கு மொத நாளே தெரியும். அவரே சொன்னாரு. எடது பக்கம் தெரியாது, அங்க ஒருத்தன நிக்க வெய்யின்னு. யாரன்னு கேட்டேன். உங்க கோல்கீப்பரன்னாரு. கோல்கீப்பருக்கு இன்னா வேணும்னு இன்னொரு கோல்கீப்பருக்குத்தான் தெரியுமாம்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு. அன்னிக்கு உன்னத் திட்டினாரே, அதுவும் ஊருக்காகத்தான். ஆட்டம் முடிஞ்சி வந்து எங்கிட்ட வருத்தப்பட்டாரு.”

அண்ணன் சம்சாரம் சுக்குக்காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்தேன்.

“நாளைக்கு அவரு நிக்கணுமா வேணாமான்னு நீயும் நானும் சொல்றதுக்கு இல்ல பொன்னுரங்கம். அவரு மனுசன். அவரு சொல்லட்டும்” என்றார்.

செப்டம்பர் 16, ஞாயிறு

வந்தார்.

ஒரு பக்கம் ஷாமியானாவும் நாற்காலிகளும். எங்கள் ஜனம் எதிர்ப்பக்கத்து மேடு முழுக்க. தனக்கோட்டியும் வந்திருந்தாள். துரை மைதானத்துக்குள் வந்தபோது ஷாமியானாப் பக்கம் ஒருவரும் கை தட்டவில்லை. அவர் அந்தப் பக்கம் தொப்பியைத் தூக்கிவிட்டு கோலுக்குப் போனார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே விளங்கிவிட்டது. அவருக்கு இடப்பக்கம் சரிவராது என்று ஜிம்கானாக்காரர்களுக்கும் தெரியும். இரண்டு வருஷம் அவரோடு ஆடினவர்களாயிற்றே. அவர்கள் கேப்டன் கையை நீட்டி நீட்டி எங்கள் இடப்பக்கத்தையே காட்டினான். பந்தெல்லாம் என் மேல்தான் வந்தது. நெஞ்சில், தொடையில், வயிற்றில். ஒரு தடவை ரிக்பி துரை பின்னாலிருந்து, “எங்கே?” என்று மெதுவாகக் கேட்டார். “பத்தடியில வரான். வலது காலு” என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பந்துக்கும் நான் சொன்னேன், அவர் நகர்ந்தார். இருவரும் பேசிக்கொண்டே ஆடினோம். இப்படி ஆடலாம் என்று முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

பாதியில் கோல் இல்லை. பிறகு ஒரு கார்னரில் கதிர்வேல் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். மேட்டில் எழுந்த சத்தத்தில் ஷாமியானாவில் ஒரு நாய் அறுத்துக்கொண்டு ஓடிற்று. அவர்கள் பெனால்டியில் ஒன்று போட்டுச் சமன் செய்தார்கள்.

முடியக் கொஞ்சம் முன்னால், உயரமாக வந்த பந்தை துரை இரண்டு கையாலும் பிடித்தார். அவர்கள் பார்வர்டு ஒருவன் தோளால் மோதினான். மோதுவது சட்டப்படி சரிதான். விழுந்தவர் மேல் இன்னொருவன் காலும் விழுந்தது. வலது புருவம் பிளந்து ரத்தம். பந்தை விட்டுவிட்டார். அது உருண்டு வெளியே போகாமல் அவர் காலடியிலேயே நின்றது. ரெப்ரி ஊதினார்.

துரை எழுந்து நின்றார். முகம் நல்ல கண்ணோடு சேர்த்து முழுக்கச் சிவப்பு. என் பக்கம் குனிந்து ரகசியம் மாதிரி கேட்டார்: “பந்து எங்கே?”

“உங்க காலண்ட” என்றேன்.

“ஆ” என்றார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஆள் மாற்றிக்கொள்ள சட்டத்தில் இடமில்லை. வெளியே போனால் பத்துப் பேர்தான். லாசர் அண்ணன் அவரைக் கைபிடித்து ஓரக்கோட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் வெளியே போக மாட்டேன் என்றார். என் பனியனைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு கோட்டுக்கு உள்ளேயே நின்றார். பனியன் அவருக்குத் தொப்புளுக்கு மேலேயே நின்றது. பதினோராவது ஆள்.

நான் கோலுக்குப் போனேன். அந்தக் கம்பளிச் சட்டை ஈரமாகவும் கனமாகவும் இருந்தது. இரண்டு பந்து வந்தது. ஒன்று நேராக. ஒன்று இடது மூலையிலிருந்து, தாழ்வாக. அதற்கு விழுந்தேன். நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் அகப்பட்டது. எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

1–1. கோப்பைக்கு மறுபடியும் ஒரு மாட்ச், முப்பதாம் தேதி என்று அறிவித்தார்கள்.

யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு ஆடவில்லை. ஜிம்கானா கேப்டன் வந்து லாசர் அண்ணனுக்குக் கை கொடுத்தான். மைன் ஆஸ்பத்திரி டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து துரையின் காயத்தைத் துடைத்தார். நல்லவர்தான். துடைத்துவிட்டு விரலை இடது கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். மறுபடி ஆட்டினார். “ரிக்பி, இது எத்தனை நாளாக?” என்று இங்கிலீஷில் கேட்டது என் காதில் விழுந்தது.

செப்டம்பர் 18, செவ்வாய்

ஒரு கண் உள்ளவரைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிவிட்டார். அது நியாயம்தான். தள்ளுவண்டியை நானே பார்த்தவன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததற்கு இப்போது கம்பெனிக்கு வேறு காரணம் தேவையில்லை.

செப்டம்பர் 24, திங்கள்

மைதானத்தை மட்டம் செய்வதால் மறு உத்தரவு வரை ஆட்டம் எதுவும் கிடையாது என்று நோட்டீஸ். கோப்பை ஜிம்கானா அலமாரியிலேயே இருக்கிறது. மாலையில் போய்ப் பார்த்தேன். மைதானத்தில் ஒரு மண்வெட்டிகூட இல்லை. கழுதை மேய்ந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 30, ஞாயிறு

மாட்ச் நடந்திருக்க வேண்டிய நாள். நானும் லாசர் அண்ணனும் கதிர்வேலும் ஸ்டேஷனுக்குப் போனோம். தனக்கோட்டி முறுக்கு சுட்டுக் கொடுத்திருந்தாள். வெள்ளைக்காரர்கள் யாரும் வரவில்லை, டாக்டர் மட்டும் சைக்கிளில் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். துரை பெட்டிக்குப் பக்கத்தில் தொப்பியோடு நின்றிருந்தார். புருவத்தில் தையல்.

“ஊர்ல இன்னா பண்ணுவீங்க தொரை?” என்று கதிர்வேல் கேட்டான்.

தம்பி ஒரு ஆலையில் இருக்கிறானாம். வாசல் காவலுக்கு ஆள் வேண்டுமாம். “உள்ளே வரவனைப் பார்க்கணும். அதுக்கு ஒரு கண் போதும்” என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு கைகளை விரித்துக் காட்டச் சொன்னார். பார்த்தார். “சின்னக் கை. நீ பந்து குத்தாதே. எப்பவும் நெஞ்சோட பிடி” என்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கும் இருந்தது. முறுக்கை ஈரம் படாமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

வண்டி கிளம்பியது. நான் திருப்பிக் கொடுத்த கம்பளிச் சட்டையை எனக்கே கொடுத்துவிட்டுப் போவார் என்று லாசர் அண்ணன் எதிர்பார்த்திருந்தார். கொடுக்கவில்லை. அங்கே குளிர். அவருக்கு வேண்டும்.

அக்டோபர் 1, திங்கள்

தனக்கோட்டிக்கு ஜுரம். நானே கஞ்சி வைத்தேன்.

அக்டோபர் 4, வியாழன்

புது போர்மேன் வந்துவிட்டார். சின்ன வயசு, சீமையிலிருந்து நேராக. பேச்சில் மரியாதை இருக்கிறது. மேற்குப் பக்கம் புதிதாக வெட்டுகிற வழிக்கு எங்களைக் கூட்டிப்போனார். விசாரணைக்குப் பிறகு மூன்றடி என்று திருத்திப் போட்ட நோட்டீஸ் இன்னும் சுரங்கத்துக்கு இறங்கும் ஷாப்ட் வாசலில் ஒட்டியிருக்கிறது. அவர் சுவரைக் காட்டி, “ஃபோர் ஃபீட்” என்றார். மரம் குறைவாக வந்திருக்கிறதாம்.

எங்கள் கும்பல் மேஸ்திரி தலையாட்டினார். மற்றவர்கள் விளக்கைச் சரி செய்துகொண்டார்கள். நானும் முதலில் விளக்கைத்தான் சரி செய்தேன்.

பிறகு, “த்ரீ, சார்” என்றேன்.

புரியவில்லையோ என்று மூன்று விரலைக் காட்டினேன். அவருக்குப் புரிந்திருந்தது. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். எழுதிக்கொள்ள எழுத்துகளைக் கேட்டார். அதையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டு அவர் நிமிர்வதற்குள் முதல் மரத்தை மூன்றடியில் நிறுத்தி ஆப்பை அடித்தேன். சத்தம் அந்தக் குகையில் பெரிதாகக் கேட்டது. அவர் நிறுத்தச் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஏறிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மற்றவர்களும் மரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், மேஸ்திரியைத் தவிர.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தனக்கோட்டிக்கு ஜுரம் விட்டிருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

“பேரு எழுதிக்கினு போனாரா?”

“ஆமாம்.”

“பயமா இருந்துச்சா?”

“இருந்தது.”

“இப்ப?”

“இப்பவும்.”

அவள் எழுந்து அடுப்பண்டை போனாள். “கைய கழுவிக்கினு வா” என்றாள்.